பாப்பா சொன்ன தீவு

உக்காருங்க சார், அந்த பெர்த்துலயே உக்காருங்க. யாரும் வரமாட்டாங்க. அதுவும் நான் எடுத்த டிக்கெட்தான், ஆள் வரல. உங்களுக்கு மேல் பெர்த்தா? கப்பல் ஆடற இந்த ஆட்டத்துல ஏணியைப் புடிச்சு ஏறி எறங்கறது கஷ்டம், கீழயே படுத்துக்கங்க. முகமெல்லாம் வெளுத்துப் போச்சே. மொத நாள் எல்லாருக்கும் இப்படித்தானாம். தலை சுத்தும், வாய்ல தண்ணி ஊறும். இந்தாங்க எலுமிச்சம்பழம், சும்மா மோந்துக்கிட்டே இருங்க. எங்க ஷெட்டுல நேவியில இருந்து வந்தவர் ஒருத்தர் இருக்காரு, அவர் சொல்லி வாங்கினது. பையில நெறைய இருக்கு. பாப்பாவுக்குன்னு வாங்கினேன்.

நான் அரக்கோணம் சார். தணிகைவேல்னு பேரு. ரயில்வேல, இன்ஜின் ஷெட்டுல டெக்னீஷியன். நீங்க வேலை விஷயமா போறீங்களா? சரி சரி, பேச வேணாம், வாயைத் தொறந்தா உங்களுக்குக் குமட்டும். நான் பேசறேன். நீங்க கேட்டுக்கிட்டு இருந்தாப் போதும், மனசு வேற பக்கம் போகும்.

நான் டூர் போறேன். அந்தமான் சுத்திப் பாக்க. தனியாவான்னு பாக்கறீங்க, தெரியுது. சாப்பாட்டுக் கூப்பன் குடுக்கறவனும் அப்படித்தான் பாத்தான். ரெண்டு பேரு இருக்கு, ஒரு ஆளுதான் நிக்கறீங்கன்னான். அவனுக்கு என்னன்னு சொல்றது? பின்னாடி வரிசை நிக்குது.

பாப்பான்னா என் பொண்ணு சார். இதழினி. ஆறாவது முடிச்சிட்டா. பேரு நான் வச்சது. அவங்கம்மா வேற ஏதோ பேரு சொன்னா, நல்லாத்தான் இருந்துச்சு, இப்ப ஞாபகம் வரல. அவங்கம்மா ஹேமாவதி. நாங்க பிரிஞ்சு இருக்கோம். கேஸ் நடக்குது. சண்டை சச்சரவு எதுவும் கிடையாது சார், அதை மொதல்ல சொல்லிட்றேன். குடி கிடையாது, கை நீட்டினது கிடையாது, சம்பளம் வந்த அன்னைக்கே வீட்டுக்கு வந்துரும். அவ கோர்ட்ல என்ன சொன்னா தெரியுமா? இவர்கிட்ட பேச முடியலன்னா. எல்லாருக்கும் எதிர்ல. பேச முடியலயாம்! நான் வீட்டுல பேசாம இருந்த நாளே கிடையாது சார். ஷெட்டுல நடந்தது, ரோட்டுல நடந்தது, பேப்பர்ல படிச்சது, எல்லாம் அவகிட்டதான் சொல்வேன். ஊர்ல பாதிப் பேரு வீட்டுக்கு வந்தா வாயே தொறக்கறதில்ல. அவங்க பொண்டாட்டியெல்லாம் கூட இருக்காங்க. எனக்கு இப்படி. இதுக்கு நான் எங்க போய் முட்டிக்கறது?

அவ இப்ப வேளச்சேரியில ஒரு லேப்ல வேலை பாக்கறா, ரத்தம் எடுக்கற வேலை. பாப்பா அவகூட. ஞாயித்துக்கிழமை மட்டும் எனக்கு. காலைல ரயிலேறி வந்துடுவேன். அவங்க வீடு மூணாவது மாடி, நான் மேல போறதில்ல, கேட்டுலயே நிப்பேன், பாப்பா எறங்கி வரும். அப்புறம் நாங்க ரெண்டு பேரும் வேளச்சேரியில பறக்கும் ரயில் ஏறி பீச் ஸ்டேஷன் வரைக்கும் போவோம், அதே வண்டியிலயே திரும்பி வருவோம். ஜன்னல் ஓரம் உக்காந்து வேடிக்கை பாக்கும். நான் ஒவ்வொண்ணா விளக்கிச் சொல்லிட்டே வருவேன். நல்லாக் கேக்கும் சார் என் பொண்ணு. ஊங்கொட்டிட்டே இருக்கும். அவங்கம்மா மாதிரி இல்ல.

கோடை லீவுல ஒரு வாரம் பாப்பாவை நான் வெளியூர் கூட்டிட்டுப் போலாம்னு கோர்ட்ல சொல்லிட்டாங்க. எந்த வாரம்னு நீங்களே பேசி முடிவு பண்ணிக்கங்கன்னாங்க. சந்தோஷம்னா அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு. ஒரு வாரம்! அப்பவே முடிவு பண்ணிட்டேன், அந்தமான். ஏன் தெரியுமா? ஒருநாள் ரயில்ல வரும்போது பாப்பா கேட்டுச்சு, பவளப் பாறைக்கு உயிர் இருக்காப்பான்னு. ஸ்கூல்ல பாடம் நடத்தியிருக்காங்க. அவ்வளவுதான், புடிச்சுக்கிட்டேன். போட்டோ பாத்தேன், வீடியோ பாத்தேன், தண்ணி கண்ணாடி மாதிரி கெடக்கு, கண்ணாடி அடிப் படகுல உக்காந்தே மீனெல்லாம் பாக்கலாங்கறான். ஷெட்டுல எல்லாரும் பிளைட்ல போயேன்யா, ரெண்டு மணி நேரந்தானேன்னாங்க. எனக்குக் கப்பல்தான் சரின்னு பட்டுச்சு. பிளைட்னா ஏறி எறங்கினா முடிஞ்சுது. கப்பல்னா மூணு நாள் ஒரே ரூம்பு. நடுக்கடல்ல போன் எடுக்காது. அவங்கம்மா நொய்நொய்னு கூப்பிட முடியாது. பாப்பாவும் வேற எங்கயும் போக முடியாது பாருங்க, என்கூடதான் இருந்தாகணும்.

நான் இவ்வளவு யோசிச்சு வச்சிருக்கேன், ஹேமா என்ன பண்றா, சிங்கப்பூர்ங்கறா. அதே வாரம். அவங்க அக்கா புனிதா அங்க இருக்கு. சகலைக்கு அந்த வாரம்தான் லீவாம், அப்புறம் கிடையாதாம். என் கப்பலை விட்டா அடுத்தது ஜூன்ல, ஸ்கூல் தொறந்துடும். நான் அந்தமான்னு சொன்னதைக் கேட்டுட்டுத்தான் போட்டிக்கு எறங்கிட்டான்னு எனக்குக் கோவம். வக்கீல்கிட்டயே சொன்னேன். அவ என்ன சொல்றா, ஜனவரியிலயே இவர்கிட்ட சொல்லிட்டேன், பாப்பா பாஸ்போர்ட்டுக்கு இவர்தான் வந்து கையெழுத்துப் போட்டாருங்கறா. போட்டேன். பாஸ்போர்ட்டுக்குன்னு கூப்பிட்டா, போய் போட்டேன். எதுக்குன்னு சொல்லியிருப்பாளோ என்னமோ. அன்னைக்கு நான் எங்க ஷெட்டுல பெரிய மோட்டார் கழட்டின கதையைச் சொல்லிட்டு இருந்தேன், அதுதான் ஞாபகம் இருக்கு.

கோர்ட்ல கவுன்சிலிங்னு ஒரு அம்மா உக்காந்திருப்பாங்க. நல்ல மாதிரி. நாங்க ரெண்டு பேரும் விட்டுக்குடுக்கல. அந்தம்மா கண்ணாடியைக் கழட்டி வச்சிட்டு, குழந்தை வளர்ந்துட்டா இல்ல, அவளுக்கு எங்க போகணும்னு இருக்குன்னு அவளையே கேட்டுப் பாருங்களேன்னாங்க. அதுவும் நியாயந்தானே சார்? அவளுக்காகத்தானே போறோம்? சரின்னுட்டேன். ஹேமாவும் சரின்னுட்டா. நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா சரின்னு சொன்னது அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

அதுக்கப்புறம் நான் பாப்பாவை வற்புறுத்தவே இல்ல. அதை நீங்க நம்பணும். உன் இஷ்டம்டா, நீ எதைச் சொன்னாலும் அப்பாவுக்கு ஓக்கேன்னு தெளிவா சொல்லிட்டேன். சொல்லிட்டு, சும்மா ரெண்டு தீவையும் பத்தி எடுத்துச் சொன்னேன். தெரிஞ்சுக்கணும் இல்ல? சிங்கப்பூர்னா என்னா, கட்டடம். நம்ம ஊர்ல இல்லாத கட்டடமா? அங்கயும் பெரியம்மா வீட்டுல உக்காந்து டிவிதான் பாக்கப் போற. அந்தமான்ல காடு, கடல், பவளம். ரெண்டும் தீவுதான், ஆனா ஒண்ணு மனுசன் செஞ்சது, இன்னொண்ணு தானா வந்தது. இப்படிப் பொதுவாத்தான் சொன்னேன். தினமும் சாயங்காலம் ஒரு வீடியோ அனுப்புவேன். தண்ணிக்குள்ள பாக்கறதுக்குக் கண்ணுல மாட்டற கண்ணாடி, குழாய் வச்சது, அதை வாங்கிட்டுப் போய் ரயில்லயே மாட்டிவிட்டேன். எதிர் சீட்டுல இருந்தவங்கல்லாம் சிரிச்சாங்க. பாப்பாவும் சிரிச்சுது. கழட்டும்போது கண்ணு ரெண்டும் செவந்திருந்துச்சு. ரப்பர் இறுக்கமா இருந்திருக்கும்.

ஹேமா சும்மா இருப்பாளா? சக்கரம் வச்ச பெட்டி வாங்கிக் குடுத்திருக்கா. புது ஷூ. பெரியம்மா பொண்ணு தினமும் வீடியோ கால். எங்க வீட்டு ஜன்னல்ல இருந்து பாத்தா வரிசையா கப்பல் தெரியும் வா வான்னு. இதெல்லாம் வற்புறுத்தல் இல்லாம என்னங்கறேன்?

அந்த சமயத்துல பாப்பாவுக்கு அடிக்கடி வயித்து வலி வந்துச்சு. ஞாயித்துக்கிழமை நான் போனா வயித்தைப் புடிச்சிட்டு எறங்கி வரும். டாக்டர்கிட்ட காட்டினோம். ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க, நல்லா தூங்க வைங்கன்னுட்டாரு. நான் சொன்னேன், உங்கம்மா வேலைக்குப் போயிட்டு வந்து கடையில வாங்கித் தராளே, அதான்னு. பாப்பா நகத்தைக் கடிச்சிட்டே இருந்துச்சு. கையைத் தட்டிவிட்டேன். நகம் கடிச்சா வயித்துக்குள்ள போயி அதுவும்தானே வலிக்கும்?

ஒரு ஞாயித்துக்கிழமை பாப்பா திடீர்னு கேட்டுச்சு. "அப்பா, நாம மூணு பேரும் போலாமா? எந்தத் தீவா இருந்தாலும் பரவால்ல."

நான் விளக்கிச் சொன்னேன். கப்பல்ல ரெண்டு பெர்த்துதான் போட்டிருக்கேன், மூணாவது இனிமே கெடைக்காது, எல்லாம் நெறைஞ்சுபோச்சு. அப்படியே கெடைச்சாலும் வேற ரூம்புல குடுப்பான். இப்படி எடுத்துச் சொன்னேன். அவங்கம்மாகிட்டயும் கேட்டிருக்கு. அவ, அப்பா எப்படிடா பெரியம்மா வீட்டுல வந்து தங்குவாரு, எல்லாருக்கும் சங்கடம்னு சொல்லியிருக்கா. ரெண்டு பேரும் காரணத்தோடதான் சார் சொன்னோம். குழந்தைதானேன்னு தட்டிக்கழிக்கல.

நீங்க ஏதோ சொல்ல வந்தீங்க. இல்லியா? தண்ணியா? இந்தாங்க. மெல்ல, ஒரேடியாக் குடிக்காதீங்க, திரும்பிடும்.

அதுக்கு அடுத்த ஞாயிறு. ரயில்ல கூட்டமே இல்ல. நான் எதுவும் கேக்கக்கூட இல்ல சார், என்னடா யோசிச்சியான்னு மட்டும்தான் கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்திருந்தது, திரும்பாமயே சொல்லிச்சு. "அந்தமான் போலாம்பா."

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. நெஜமாவான்னு கேட்டேன். ம்னு தலையாட்டிச்சு. உங்கம்மாகிட்ட நான் பேசட்டுமான்னேன். "வேணாம்பா. நானே சொல்லிக்கறேன். நீ சொன்னா சண்டை வரும். நீ எதுவுமே சொல்லாத." எவ்வளவு பக்குவம் பாருங்க. நானும் அவளும் நேரா பேசிக்கறது கிடையாது, எதுன்னாலும் பாப்பா வழியாத்தான். அதனால எனக்கும் அது சரியாத்தான் பட்டுச்சு.

அதுக்கப்புறம் ரெண்டு வாரம் சார்... அந்த ரெண்டு வாரத்தை எப்படிச் சொல்றது. நான் ஜெயிச்சிட்டேன் இல்ல, அதனால எனக்கு யார்மேலயும் கோவமில்ல. ஹேமாவைப் பத்தி பாப்பாகிட்ட ஒரு வார்த்தை தப்பா பேசல. பாவம், ஆசையா இருந்திருப்பா, தோத்துட்டான்னு நெனச்சுக்கிட்டேன். அவகிட்ட இருந்தும் ஒரு சத்தமும் இல்ல. வக்கீல் நோட்டீஸ் வரும்னு பாத்தேன், வரல. அதுக்கு பதிலா அவளே போன் பண்ணினா! எவ்வளவோ நாள் கழிச்சு. "இந்தத் தடவை பெரிய மனசு பண்ணிட்டீங்க. ரொம்ப தேங்க்ஸ்"ன்னா. எனக்கு ஆச்சரியம். தோத்தவ நமக்கு தேங்க்ஸ் சொல்றாளேன்னு. சரி, சண்டை போடாம இருந்ததுக்குச் சொல்றாபோலன்னு, "அட, குழந்தை சந்தோஷம்தானே முக்கியம்"னு ஆரம்பிச்சு, எனக்கு மனசுல இருந்ததெல்லாம் சொன்னேன். அரை மணி நேரம் பேசியிருப்பேன். முன்ன மாதிரி குறுக்க எதுவும் சொல்லாம கேட்டா. நல்லா இருந்துச்சு சார் அன்னைக்கு.

அடுத்த ஞாயிறு கேட்டுல நிக்கறேன், பால்கனியில இருந்து எட்டிப் பாத்து, "மேல வாங்க, காபி குடிச்சிட்டுப் போங்க"ங்கறா. கையும் ஓடல காலும் ஓடல எனக்கு. மூணு மாடி ஏறிப் போனேன். சின்ன வீடு, சுத்தமா வச்சிருந்தா. அதே டம்ளர், கல்யாணத்துக்கு எங்க அத்தை குடுத்தது. பாப்பா கேரம் போர்டை எடுத்து வந்து நடுவுல போட்டுச்சு. மூணு பேரும் ஆடினோம். ஹேமா எப்பவும் சிவப்புக் காயைத்தான் குறி வைப்பா, விழாது, பாப்பா விழுந்து விழுந்து சிரிக்குது. வயித்து வலி எங்க போச்சுன்னே தெரியல. எதுக்கெடுத்தாலும் சிரிக்குது. நான் பழைய ஞாபகத்துல, "கப்பல்ல கூட கேரம் போர்டு இருக்கும்னு நெனைக்கறேன்"னு ஆரம்பிச்சேன். பாப்பா கை தவறி காபி டம்ளரைத் தட்டிவிட்டுடுச்சு. போர்டு மேல பூரா காபி. ஹேமா துணி எடுக்க ஓடினா. அப்புறம் பேச்சு வேற எங்கயோ போயிடுச்சு. அவசரக்குடுக்கை சார் என் பொண்ணு, டம்ளர் பக்கத்துல இருக்கறது தெரிய வேணாமா?

அன்னைக்கு ராத்திரி நான் அரக்கோணம் போகும்போது, கேஸையெல்லாம் வாபஸ் வாங்கிக்கலாமோன்னு கூட நெனைச்சேன்.

இன்னைக்கு... இல்ல, நேத்து. நேத்து காலைல. கப்பலுக்கு மத்தியானம் துறைமுகத்துக்குள்ள போயிடணும். சீக்கிரமே ஆட்டோ வச்சுக்கிட்டு வேளச்சேரி போயிட்டேன். ஆட்டோவைக் கீழ நிக்கச் சொல்லிட்டு மேல ஓடறேன். ஹேமா கதவைத் தொறந்தா. தலைக்குக் குளிச்சு துண்டு கட்டியிருந்தா. சிரிச்ச முகமா, "அட, வழியனுப்ப வந்தீங்களா? ராத்திரிதானே பிளைட்டு, ஏன் இவ்வளவு சீக்கிரம்?"ங்கறா.

"என்ன பிளைட்டு?"ன்னேன்.

"என்ன பிளைட்டுன்னா? சிங்கப்பூர் பிளைட்டு."

"நீ மட்டும் போறியா?"

"நான் மட்டும் எதுக்குப் போறேன்? இதழும்தான்."

"பாப்பா என்கூட கப்பல்ல வருது ஹேமா. மத்தியானம் கப்பல்."

அவ சிரிப்பு அப்படியே நின்னுபோச்சு. கதவு ஓரமா ரெண்டு மூட்டை இருந்துச்சு சார். சக்கரப் பெட்டி ஒண்ணு. பக்கத்துல நான் வாங்கிக் குடுத்த முதுகுப் பை, மேல அந்தக் குழாய் வச்ச கண்ணாடி தொங்குது. ரெண்டையும் கட்டி வச்சிருந்துச்சு. ஒண்ணுல துணி, இன்னொண்ணுல துணி. ஹேமா அதைப் பாத்துட்டு, ஸ்கூல் சாமான்னு நெனச்சேன்னா.

பாப்பா உள்ளருந்து பல் வெளக்கிட்டே வந்துச்சு. என்னைப் பாத்துச்சு. அவங்கம்மாவைப் பாத்துச்சு. திரும்பிப் போயி பாத்ரூம் கதவைச் சாத்தி தாப்பா போட்டுருச்சு.

அப்புறம் என்ன, நாங்க ஆரம்பிச்சோம். பொய் சொல்லக் கத்துக்குடுத்தது நீதான்னு நான். நீங்கதான் அதைப் புடிச்சு இழுத்து இழுத்து இப்படிப் பண்ணிட்டீங்கன்னு அவ. என்கிட்டதான் மொதல்ல சொன்னான்னு நான். என்கிட்டயும் அதே ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சொன்னா, அப்பாகிட்ட நானே பேசிட்டேன், அவருக்கும் சரியாம், நீ எதுவும் கேக்காதன்னு சொன்னான்னு அவ. பக்கத்து வீட்டுல கதவு தொறக்கற சத்தம் கேக்குது. ஹேமா திடீர்னு பேச்சை நிறுத்திட்டா. வாயைப் பொத்திக்கிட்டா. அப்படியே பாத்ரூம் கதவுக்கு எதிர்ல தரையில உக்காந்துட்டா.

நானும் விடல சார். கதவுகிட்ட நின்னு பேசினேன். கோவமில்லடா பாப்பா, வெளிய வான்னேன். பொய் சொல்றது தப்புடா, ஆனா அப்பா மன்னிச்சிட்டேன்னேன். கப்பலுக்கு நேரமாகுது, இப்பக் கெளம்பினாத்தான் சரியா இருக்கும்னேன். ஆமை பாக்கலாம், வெள்ளை மணல் பாக்கலாம்னேன். எவ்வளவோ சொன்னேன். உள்ள தண்ணி ஓடற சத்தம் மட்டும் கேட்டுது. அப்புறம் குழாயை நிறுத்திட்டு உள்ள இருந்தே பேசிச்சு.

"ரெண்டு பேரும் கேட்டுட்டே இருந்தீங்க. ஒருத்தருக்குச் சரின்னா இன்னொருத்தர் அழுவீங்க. அதான் ரெண்டு பேருக்கும் சரின்னேன்."

"அது எப்படிடா முடியும்? ஒரே நாள்தானே ரெண்டும்?"

"புயல் வரும்னு நெனச்சேன். டெய்லி சாமி கும்பிட்டேன்பா, புயல் வந்து நின்னு போயிடணும்னு."

நான் கேட்டேன் சார், "எது நிக்கணும்னு கும்பிட்ட, என் கப்பலா, அவங்க பிளைட்டா?"

ஹேமா தரையில உக்காந்தபடியே என்னை நிமிந்து பாத்தா. திட்டல, ஒண்ணும் பண்ணல. சும்மா பாத்தா. நான் என்ன கேட்டுட்டேன்? தெரிஞ்சுக்கலாம்னுதானே கேட்டேன்?

உள்ள இருந்து மறுபடியும் பாப்பா குரல். "ரெண்டு வாரம் நீங்க சண்டையே போடல. கேரம் ஆடினோம் இல்ல?" அவ்வளவுதான். அப்புறம் அழற சத்தம்.

கீழ ஆட்டோக்காரன் ஹாரன் அடிக்கிறான். இருப்பா, வந்துடறேன்னு சொல்லிட்டு வரலாம்னு எறங்கிப் போனேன். போயிட்டு வர எவ்வளவு நேரம் ஆகும் சொல்லுங்க. திரும்பி வந்து பாக்கறேன், பாத்ரூம் கதவு தொறந்து கெடக்கு. பாப்பா அவங்கம்மா மடியில தலை வச்சுப் படுத்திருக்கு, வாயெல்லாம் பேஸ்ட்டு. என்ன சொல்லித் தொறக்க வச்சேன்னு ஹேமாவைக் கேட்டேன். ஒண்ணும் சொல்லலன்னா. ஒரு வார்த்தை? பேசவே இல்லன்னா. நான் அத்தனை எடுத்துச் சொன்னேன், தொறக்கல. இவ பேசாம உக்காந்திருந்தா, தொறந்துடுச்சு. என்ன நியாயம் சார் இது?

ஹேமா உக்காந்த எடத்துலயே போனை எடுத்து அவங்க அக்காவுக்குப் பேசினா. நாங்க வரலக்கா, அப்புறம் சொல்றேன்னு வச்சிட்டா. அக்கா அந்தப் பக்கம் கத்தறது எனக்கே கேட்டுது. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. பாப்பா சிங்கப்பூர் போகல. அப்ப நான் தோக்கலதானே? ஆனா என்கூடவும் வரல. நின்னுட்டே இருக்கேன் நடு வீட்டுல. உக்காருன்னும் யாரும் சொல்லல, போன்னும் சொல்லல. நானும் இங்கயே இருக்கட்டுமான்னு கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கேரம் போர்டு செவுத்துல சாஞ்சு நிக்குது. கேக்கல. எப்படிக் கேக்கறதுன்னு தெரியல சார். மத்ததெல்லாம் பேசறேன், அதுக்கு மட்டும் வாய் வரல.

பாப்பாதான் சொல்லிச்சு. மடியில இருந்து தலையைத் தூக்காமயே. "நீ போயிட்டு வாப்பா. நீயாவது போ."

"நீ இல்லாம நான் அங்க போயி என்னடா பண்றது?"

"போயிட்டு வாங்க"ன்னா ஹேமா. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னா. "இப்ப யாரையும் சமாதானப்படுத்தற வேலை அவளுக்கு இருக்கக் கூடாது. கொஞ்ச நாள் அவளை விட்டுடுவோம். ரெண்டு பேருமே."

அவ வீட்டுலயேதான் இருக்கப் போறா, நான் மட்டும் விடணும். அதைச் சொல்லலாம்னு பாத்தேன். பாப்பா கண்ணை மூடிக்கிட்டு இருந்துச்சு. சரின்னு கெளம்பினேன்.

படி எறங்கறேன், பின்னாடி செருப்புச் சத்தம். பாப்பா. முகத்தைக் கழுவிட்டு ஓடி வந்திருக்கு. ஆட்டோ வரைக்கும் வந்துச்சு. நான் ஏறி உக்காந்ததும் கம்பியைப் புடிச்சிட்டு நின்னுச்சு. விட மாட்டேங்குது. என் முகத்தையே பாத்துட்டு நிக்குது, டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பாப்பாரே, அந்த மாதிரி.

"அப்பா, உனக்கு நெஜமாவே அந்தமான் போக ஆசையா? எனக்காகச் சொன்னியா?"

"அட, என்னடா இப்படிக் கேட்டுட்ட? அப்பாவுக்குச் சின்ன வயசுல இருந்தே கப்பல்ல போகணும்னு ஆசை. நடுக்கடல்ல நிக்கணும், சுத்தித் தண்ணியைப் பாக்கணும்னு. நீ வந்தாலும் வராட்டியும் போயிருப்பேன். ஜாலியா போயிட்டு வருவேன் பாரு."

"நெஜமா?"

"நெஜமா."

அப்பத்தான் சார் அந்த முகத்துல ஒரு தெளிவு வந்துச்சு. எத்தனை நாளைக்கு அப்புறம். "அப்ப சரிப்பா"ன்னு கம்பியை விட்டுடுச்சு. திரும்பிப் பாக்காம படியேறிப் போயிடுச்சு, ரெண்டு ரெண்டு படியா.

எனக்குக் கடலே ஆகாது சார். நீச்சல் தெரியாது. மெரினாவுல கூட கால் நனைச்சதில்ல, அலை வந்தா நாலடி பின்னாடி போயிடுவேன். நேத்து கப்பல் கெளம்பும்போது எல்லாரும் மேல டெக்குல நின்னு கையாட்டினாங்களே, நான் இங்கதான் இந்தக் கம்பியைப் புடிச்சிட்டு கண்ணை மூடி உக்காந்திருந்தேன். இதோ, இன்னும் விடல பாருங்க. உள்ளங்கையெல்லாம் துரு வாசனை.

இன்னும் எவ்வளவு நேரம் சார் இப்படியே ஆடும்?